பாட்டில் வெடித்த விதம்

பிரிஜாவின் இடது கையில் பதினான்கு தையல். எப்படி ஆயிற்று என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது பதில் சொன்னது அவளல்ல, அவளுடைய அண்ணன் ஜெயசிங். எதையும் கேட்பவருக்குப் புரியும்படி விளக்குவதில் அவனை மிஞ்ச ஊரில் ஆள் கிடையாது.

"பீர் பாட்டில பிரீசர்ல வச்சிட்டு மறந்துபோனா டாக்டர். பீருல முக்காவாசிக்கு மேல வெள்ளம்தான். வெள்ளம் உறைஞ்சா பருக்கும். பாட்டிலுக்குள்ள மேல ரெண்டு விரல் எடம்தான் உண்டு. அது நெறஞ்சா கண்ணாடி பொட்டும். இவ கதவத் தொறந்த நேரம் பாத்து பொட்டித் தெறிச்சிருக்கு."

டூட்டி டாக்டர் இந்துஜா தலையை ஆட்டியபடி எழுதிக்கொண்டார். ஒரு ஆள் இவ்வளவு தெளிவாகச் சொன்னால் யாரும் நம்பத்தான் செய்வார்கள். பிரிஜா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கணவன் பெனிஷ் கதவோரம் நின்று கண்ணைத் துடைத்தான்.

நடந்ததில் பாதிதான் அது. சனிக்கிழமை மதியம் பாட்டில் பிரீசருக்குள் வெடித்தது உண்மை. பீர் வீணாய்ப் போனதைப் பெனிஷ் பார்த்தான். அடிப்பாகம் உதிர்ந்துபோன பாட்டிலைக் கழுத்தைப் பிடித்து வெளியே எடுத்தான். பிரிஜாவின் முகத்தைக் குறிவைத்து இறக்கினான். அவள் கையைத் தூக்கினாள், முகம் தப்பியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஆட்டோவிலேயே இதை அவள் அண்ணனிடம் சொல்லிவிட்டாள். ஆனாலும் அவன் பிரீசரைப் பற்றி மட்டும் விளக்கினான். பெனிஷ் அவனுடைய பத்து வருடக் கூட்டுக்காரன், உயிர் நண்பன். அவனுக்குத் தங்கையைக் கட்டிவைத்ததும் ஜெயசிங்தான். தையல் போட்ட கையோடு அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டால் போதும், மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தான். அப்படியே கூட்டியும் வந்தான்.

கூட்டு தொடங்கியது பீரில். ஒவ்வொரு கோடையிலும் இருவரும் மார்த்தாண்டத்தில் கிடைக்கும் மலிவு பீர்களை வாங்கி ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். கொம்பன் என்று ஒன்று. போதை ஏறுவதற்காகச் சர்க்கரையைக் கூட்டிப் புளிக்கவைப்பது. வெயிலில் குடித்தால் சாயங்காலம் மண்டை பிளக்கும். மரக்கலம் என்று இன்னொன்று. அதில் பார்லியோடு அரிசியும் உண்டு. கம்பெனிக்காரன் செலவைக் குறைக்கத்தான் அரிசி போடுகிறான், ஆனால் அந்த அரிசியால்தான் பீர் மெலிந்து, நாக்கில் ஒட்டாமல், தண்ணீர்போலத் தொண்டையில் இறங்குகிறது. சித்திரை வெயிலுக்கு மரக்கலம்தான் என்று இருவரும் என்றைக்கோ முடிவு செய்திருந்தார்கள்.

மரக்கலத்தின் லேபிள் லேசில் கழன்றுவிடும். பழைய பாட்டில்களைத் திரும்ப வாங்கிக் கழுவி நிரப்புகிறவர்கள் தண்ணீரில் கரையும் பசையைத்தான் பூசுவார்கள். ஐஸ் வாளியில் பத்து நிமிடம் கிடந்தால் லேபிள் தனியே மிதக்கும், பாட்டில் அம்மணமாக நிற்கும்.

அதே பாட்டில்களுக்கு அந்தப் பக்கத்தில் இன்னொரு வேலையும் உண்டு. ரப்பர் பாலை உறையவைக்கும் ஆசிட்டைக் கடையில் பெரிய கேனிலிருந்து ஊற்றித் தருவார்கள். பாட்டில் நம்முடையது. எல்லோரும் காலி பீர் பாட்டிலைத்தான் கொண்டுபோவார்கள். மாறிப்போகாமலிருக்க அதன் கழுத்தில் ஒட்டுப்பாலைச் சுற்றிவைப்பது வழக்கம். பால் வெட்டிய மரத்தின் பட்டையில் வழிந்து காய்ந்து, மறுநாள் நாடாபோல உரிந்து வரும் ரப்பர்தான் ஒட்டுப்பால். கண் பார்க்காவிட்டாலும் கை தடவினால் தெரிந்துவிடும்.

ஆனால் பிரிஜா வந்த மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, ஜெயசிங்கின் ரப்பர் தோட்டத்தில் தொடக்க வெட்டு. இலை உதிர்ந்து, மரங்களுக்கு இரண்டு மாதம் ஓய்வு விட்டு, மறுபடி கத்தி வைக்கும் முதல் நாள். முதல் நாள் மரத்தில் ஒட்டுப்பால் இருக்காது. காலையில் ஜெயசிங் வாங்கிவந்த ஆசிட் பாட்டிலின் கழுத்து வெறுமையாக இருந்தது. நாளைக்குச் சுற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

மதியம் ஷெட்டில் பாலைத் தட்டுகளில் ஊற்றி முடித்து, ஆசிட் பாட்டிலைத் திறந்து, ஷீட் அடிக்கும் ரோலரின் இரும்புத் தட்டில் வைத்தான். அப்போதுதான் பைக் சத்தம் கேட்டது. பெனிஷ் ஒரு கையில் நாலு மரக்கலமும் மறு கையில் ஐஸ் பொதியுமாக உள்ளே வந்தான்.

"தொடக்க வெட்டுல்லா மச்சான்? எங்கிட்ட சொல்லாமலா எறங்கிட்ட?"

"போயிருலே பெனிஷே."

"போவதுக்கா வந்தேன்? ஒண்ணு குடிச்சிட்டு அவளக் கூட்டிட்டுப் போறேன்." வாளித் தண்ணீரில் ஐஸைத் தட்டிப் பாட்டில்களை இறக்கினான். வீட்டுப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டான். "ஏட்டி பிரிஜா! துணிமணிய எடுத்து வைட்டி!"

ஷெட்டுக்கு எதிரே பத்தடியில் அடுக்களை ஜன்னல். அதில் பிரிஜாவின் முகம் வந்து நின்றது.

பெனிஷ் வாளிக்குப் பக்கத்தில் குந்தி, பீர் குளிரும்வரை காத்திருந்தான். குடிப்பதில் அவன் ஒருநாளும் அவசரப்பட்டதில்லை. லேபிள்கள் மிதக்கத் தொடங்கியபின் ஒரு பாட்டிலை எடுத்துப் பல்லால் மூடியைக் கழற்றினான். பாதியைக் குடித்துவிட்டுப் பாட்டிலை ரோலர் தட்டில் வைத்தான்.

"அவள அனுப்ப மாட்டேன்," என்றான் ஜெயசிங். "நாளைக்கு ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறோம்."

பெனிஷுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னத்த மக்கா எழுதுவ? நீதான டாக்டர்கிட்ட பிரீசர் கதைய அழகாச் சொன்ன? கேட்டுகிட்டு நின்ன எனக்கே நெசம்னு தோணிச்சு."

ஜெயசிங் அடித்தான். அந்தச் சிரிப்பின்மேலேயே விழுந்தது அடி. பெனிஷின் உதடு கிழிந்து ரத்தம் தாடையில் இறங்கியது. அவன் ஒரு நொடி வியந்தாற்போல நின்றுவிட்டு, ஜெயசிங்கின் வயிற்றில் தலையால் முட்டித் தள்ளினான். தட்டுகள் சரிந்தன. வெள்ளைப் பால் தரை முழுக்கப் பரவியது. வழுக்கும் தரையில் நின்று யாரும் சண்டைபோட முடியாது, கட்டிப்பிடித்து உருளத்தான் முடியும். உருண்டார்கள். பெனிஷ் அவன் தலைமுடியைப் பற்றி ரோலரின் இரும்புக் காலில் மூன்று தடவை இடித்தான். மூன்றாவது இடியில் ஜெயசிங்கின் வாய்க்குள் ஒரு பல் தனியாகக் கிடந்தது. அவன் முழங்காலை மடக்கி உதைத்தான். பெனிஷின் விலா எலும்பு முறிவது காதில் விழுந்தது.

இருவருமே விலகி மூச்சு வாங்கினார்கள். பெனிஷ் ரோலரில் சாய்ந்து எழுந்தான். வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினான். கண்ணை ஜெயசிங்கிடமிருந்து எடுக்காமல், பீருக்காகக் கையைப் பின்னால் நீட்டினான்.

ரோலர் தட்டில் இரண்டு பாட்டில்கள் நின்றன. இரண்டும் தவிட்டு நிறம். இரண்டிலும் லேபிள் இல்லை. பெனிஷின் விரல்கள் ஒன்றின் கழுத்தைச் சுற்றின. அதில் ஒட்டுப்பால் இருந்திருந்தால் அந்த நொடியே கையை எடுத்திருப்பான்.

மோந்து பார்த்தாவது தெரிந்துகொள்வானா என்றால், அதற்கும் வழியில்லை. பாட்டில் திறந்ததிலிருந்து ஷெட் முழுக்க ஆசிட் வாடைதான். கொஞ்சநேரம் உள்ளே இருந்த மூக்குக்கு அது தனியாகத் தெரியாது. தாகத்தில் இருக்கிறவன் ஒரே மடக்காக இறக்குவான். திரவமாக உள்ளே வரும் பாலை அந்த ஆசிட் தட்டில் என்ன செய்கிறது என்பது ஜெயசிங்குக்குத் தெரியும். தொண்டையை என்ன செய்யும் என்பதும் தெரியும். இவன் ஒன்றுமே செய்ய வேண்டாம். வாயைத் திறக்காமல் நின்றால் போதும், பிரிஜாவை இனி யாரும் அடிக்க மாட்டார்கள்.

அவன் ஜன்னலைப் பார்த்தான். பிரிஜாவும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாட்டில் உதட்டைத் தொடப்போனது. ஜெயசிங் பாய்ந்தான்.

அவன் கை பட்ட வேகத்தில் பாட்டில் ரோலரில் மோதிச் சிதறியது. ஆசிட் பெனிஷின் கழுத்திலும் நெஞ்சிலும் தெறித்தது, ஜெயசிங்கின் உள்ளங்கையிலும் வழிந்தது. அது எரிய இரண்டு மூன்று நொடி ஆகும். அந்த இரண்டு மூன்று நொடியில் பெனிஷ், ஜெயசிங் தன்மேல் பாய்ந்துவிட்டான் என்று மட்டும் புரிந்துகொண்டான். மீதியிருந்த பீர் பாட்டிலை இரும்பில் உடைத்தான்.

"என்னக் கொல்லவா பாக்கிய நீ!"

உடைந்த கண்ணாடி ஜெயசிங்கின் தோளில் இறங்கியது. உருவி மறுபடியும் குத்தினான். மூன்றாவது குத்துக்கு ஓங்கிய கை அப்படியே நின்றது. பெனிஷ் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அலறினான். சட்டைக்குள் தீ வைத்ததுபோலத் துள்ளினான்.

"வெள்ளம்லே! வெள்ளத்துல தலைய வை!"

அவனுக்குக் காது கேட்கவில்லை. ஜெயசிங் வெட்டுப்படாத கையால் அவன் முடியைப் பிடித்து இழுத்துப்போய் ஐஸ் வாளிக்குள் கழுத்துவரை அமுக்கினான். முக்கிக் கொல்கிறான் என்று நினைத்து பெனிஷ் அவன் கையைக் கடித்தான். பல் சதையில் இறங்கியது. ஜெயசிங் விடவில்லை. தூக்கி மூச்சு விடவைத்தான், மறுபடி அமுக்கினான். ஆசிட்டைக் கழுவ நிறையத் தண்ணீர் வேண்டும், வாளி போதாது என்று தெரிந்ததும் தொட்டிக் குழாயைத் திறந்து அதன் கீழே தள்ளினான். தோளிலிருந்து வழிந்த ரத்தம் தரையில் பாலோடு கலந்து ஓடியது.

கொஞ்சநேரம் கழிந்து பெனிஷின் அலறல் முனகலாயிற்று. கன்னத்தில் மரக்கலத்தின் லேபிள் ஒன்று ஒட்டிக் கிடந்தது. உடைந்த இரண்டாவது பாட்டிலை அவன் அப்போதுதான் பார்த்தான்.

"ஆசிட்டா மச்சான்?"

"பின்ன?"

பிரிஜா ஷெட்டு வாசலில் வந்து நின்றாள். பெனிஷை அவள் பார்க்கவில்லை.

"அண்ணே, அவன் எந்தப் பாட்டில எடுத்தாம்னு நானும் பாத்தேன். சத்தம் போடல. நீ எதுக்குத் தட்டிவிட்ட?"

ஜெயசிங் யோசித்தான். "தெரியல மக்கா," என்றான். அவன் அப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

ஆட்டோவில் மூவரும் போனார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் பெனிஷ் ஈரத் துணி சுற்றிய கழுத்தைத் திருப்ப முடியாமல் திருப்பி, ஜெயசிங்கின் காதில் முணுமுணுத்தான். "பாட்டில் பொட்டிச்சின்னு சொல்லிரு மச்சான். நீ சொன்னா நம்புவாவ."

டாக்டர் இந்துஜா மூவரையும் மாறிமாறிப் பார்த்தார். "இன்னைக்கும் பிரீசரா?"

"அன்னைக்கு நான் சொன்னது பொய் டாக்டர்," என்றான் ஜெயசிங். போன பல்லின் சந்தில் காற்று சீறியது. "பிரீசர்ல பாட்டில் பொட்டினா ஐஸு கண்ணாடியப் புடிச்சு வச்சிக்கிடும். இவ்வளவு தூரம் தெறிக்காது. எடுக்கப் போறவங்களுக்கு உள்ளங்கையிலதான் அறுபடும். இவளுக்குத் தையல் எங்க இருக்குன்னு பாருங்க. முழங்கைக்குக் கீழ, வெளிப்பக்கம். ஒருத்தன் மொகத்துக்கு நேரா ஓங்கும்போது, தடுக்கதுக்குக் கைய இப்பிடித் தூக்கினாத்தான் அந்த எடம் முன்னால வரும்."

தூக்கிக் காட்டினான். தோளின் வெட்டு திறந்து, அழுத்தியிருந்த துணியை மீறி ரத்தம் கொட்டியது. நர்ஸ் அவன் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"மச்சான்..." என்றான் பெனிஷ்.

டாக்டர் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லும்படி நர்ஸிடம் சொல்லிவிட்டுப் புதிய தாள் ஒன்றை எடுத்தார். "மொதல்ல இருந்து சொல்லுங்க. சனிக்கிழமை என்ன நடந்தது?"

ஜெயசிங் வாயைத் திறந்தான்.

"நீ சும்மாரு அண்ணே," என்று பிரிஜா நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நான் சொல்லுகேன்."