இடிக்காத லாரியும் இராமையா முதலாளியின் ஒரு சாணும்

கல்லுப்பாலத் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லாரி டிரைவர் காத்தமுத்து இருபது வருஷம் மலைப்பாதையில் ஓட்டி ஒரு தும்பியைக்கூட இடித்ததில்லை. அவர் இடிக்காமல் விட்ட ஒரு மனிதர் மூன்று வருஷம் தரையில் கால் படாமல் திரிந்தார். நம்பாதவர்கள் பலாங்கொடைக் கடைவீதியில் விசாரித்துக்கொள்ளலாம். அங்கே இதை நம்பாதவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர்தான் அந்த மனிதர்.

1966 ஆவணி, செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணி. காத்தமுத்து வழக்கம்போல மூன்று முறை ஹோர்ன் அடித்துவிட்டு ஏழாம் நம்பர் மலை வளைவில் திரும்பியபோது, புடவைக்கடை இராமையா முதலாளி குடையைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் வந்துகொண்டிருந்தார். பிரேக்கை மிதித்த மிதியில் லாரி அப்படியே நின்றது. பம்பருக்கும் முதலாளியின் தொப்பைக்கும் நடுவில் ஒரு சாண். மூட்டையிலிருந்த கொழுந்து மட்டும் நிற்காமல் தேயிலை ஸ்டோர்வரை போய்ச் சேர்ந்தது என்பார்கள். அது மிகை, பாதிக் கொழுந்துதான் போனது. முதலாளியோ கண் சொருகி, வேட்டி அவிழ, ஓரத்துத் தண்ணீர்க் காணுக்குள் மெல்லச் சாய்ந்தார். மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த நாற்பது பெண்களும் கூடையோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

அந்தப் பக்கத்து டிரைவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மயிரிழையில் ஒன்று தப்பிவிட்டால், ஸ்டோர் வாசலில் இருக்கும் ரோதமுனிச் சாமிக்குத் தேங்காய் உடைக்கும்வரை டிரைவரின் கால் மண்ணில் படக்கூடாது. பட்டால் தப்பியது திரும்பி வந்து நடந்தே தீரும். காத்தமுத்து முதலாளியின் நன்மைக்காகவே இறங்கவில்லை. "மொதலாளி, அப்படியே படுத்திருங்க! தேங்கா ஒடைச்சிட்டு ஓடியாந்துர்றேன்!" என்று தலையை நீட்டிக் கத்திவிட்டு, லாரியை ஒடித்துக்கொண்டு போனார். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே பிழை அதுதான். திருநீறோடு திரும்பி வருவதற்குள் முதலாளிக்கு மயக்கம் தெளிந்து யோசனை வந்துவிட்டது. பயத்தில் விழுந்தவர் என்றால் கடைவீதி சிரிக்கும்; லாரி அடித்து விழுந்தவர் என்றால் எழுந்து நாற்காலி போடும். ஆகவே, தன்னை இடித்துத் தள்ளிவிட்டு டிரைவர் ஓடிவிட்டான் என்று நேராக ஸ்டேஷனுக்குப் போனார். "இடிக்காதவன் எதுக்குத் தேங்கா ஒடைக்கணும்?" என்று ஸ்டேஷன் வாசலிலேயே கேட்டார்.

சார்ஜன்ட் சாலி காத்தமுத்துவின் லைசனை வாங்கி மேசை லாச்சிக்குள் பூட்டிவிட்டு, முறைப்பாட்டை எழுதி, கையெழுத்துப் போடப் பேனையை நீட்டினார். பேனை முதலாளியின் விரலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. சார்ஜன்ட் அழுத்தினார், பேனை வளைந்தது. அப்போதுதான் அவர் குனிந்து பார்த்தார். முதலாளி வாங்கில் உட்கார்ந்திருக்கவில்லை, வாங்குக்கு ஒரு சாண் மேலே இருந்தார். பம்பருக்கும் தொப்பைக்கும் நடுவில் இருந்த அந்தச் சாண் எங்கும் போகாமல் அவரைச் சுற்றிக் கவிந்துகொண்டிருந்தது.

"மொதலாளி, நீங்க அந்தரத்துல இருக்கீங்க."

"கேஸ மாத்தாதீங்க சார்ஜன்ட். நான் எப்பவும் நிமிந்துதான் உக்காருவேன்."

கையெழுத்தில்லாத முறைப்பாட்டைக் கேஸாகக் கோட்டுக்கு அனுப்ப முடியாது. வாபஸ் வாங்கவும் கையெழுத்து வேண்டும் என்பதால் கிழிக்கவும் முடியாது. லைசன் லாச்சியிலேயே கிடந்தது. லைசன் இல்லாதவனுக்கு லாரி இல்லை, லாரி இல்லாதவனுக்கு டிரைவர் வீடும் இல்லை என்றார் தோட்டத்துத் தொரை. காத்தமுத்துவும் மனைவி புஷ்பமும் தொழிலாளர் லயத்தில் ஒற்றைக் காம்பராவுக்கு வந்தார்கள். அவர் புல்லு வெட்டப் போனார். மேலே ரோட்டில் புது டிரைவர் கியரை நறநறவென்று அரைக்கும்போதெல்லாம் அவருடைய பல் கூசியது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஏழு மைல் நடந்து கடை வாசலில் போய் நிற்பார். "மொதலாளி, ஒரு சாண் இருந்துச்சிங்களே" என்பார். "இடிச்சே!" என்பார் அந்தரத்தில் இருந்தவர்.

இப்படியே மூன்று வருஷம் போயிற்று. கடை நிறையத் துணி வைத்திருந்தவர் அன்று கட்டியிருந்த ஒற்றை வேட்டியோடுதான் இருந்தார். வேறெதுவும் உடம்பில் ஒட்டவில்லை, மழைதான் துவைத்துக் கொடுத்தது. தண்ணீர் மட்டும் சாணை மதிக்காதென்பதால் தேத்தண்ணீரையும் கஞ்சியையும் அண்ணாந்து குடித்தார். அவர் மனைவி இராஜம் சோற்றைத் தண்ணீர் சொட்டச் சொட்ட உருட்டி வாய்க்குள் எறியப் பழகி, முற்றத்து மாமரத்தில் கல்லெறிந்தால் குறி தப்பாத அளவுக்குத் தேறினாள். பஸ்ஸில் அவர் ஏறினால் மூன்று பேருக்கு இடமில்லை. "முதலாளி, பஸ்ஸட்ட யன்ன" என்று சிங்களத்தில் பின்னால் போகச் சொல்லி, கண்டக்டர் தள்ளப் பார்ப்பான், கை எட்டாது. மழைக்காலத்தில் ஊரே அட்டைக்கடியில் சொறிந்துகொண்டிருக்க, அவர் காலில் மட்டும் ஒரு அட்டை ஏறவில்லை. புஷ்பம் ஒருநாள் கடைக்குள்ளேயே கேட்டுவிட்டாள்: "லாரியே வந்து மோதுன ஒடம்பாமே, ஒரு அட்டகூடத் தொட மாட்டேங்குதே மொதலாளி?" முதலாளி, நல்ல இரத்தத்தை அட்டை குடிக்காது என்றார்.

1969 ஆவணியில் மகள் இந்திராணிக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளைக்கு ஊர் எஹலியகொட. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் என்பதால் காத்தமுத்துவும் தன் வழக்கப்படி வந்து மண்டப வாசலில் நின்றார். தாரை வார்க்கும் நேரத்தில் முதலாளி மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைக்க வேண்டும். கையை நீட்டினார். நெருங்கவில்லை. முழங்காலை மடக்கி, மூச்சை அடக்கி, பக்கவாட்டில் சரிந்தெல்லாம் பார்த்தார். ஐயர், நேரம் போகிறது என்றார். சம்பந்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இந்திராணியின் கண்ணில் இருந்த மை கன்னத்துக்கு வந்தது.

"அப்பா, ஒரு சாண்தானேப்பா. சொல்லிருங்கப்பா."

முதலாளி வாசலைப் பார்த்தார். காத்தமுத்து துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஞாயிறுதோறும் நிற்பதுபோலவே நின்றார்.

"டேய் காத்தமுத்து," என்றார் முதலாளி, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. "நீ என்னைய இடிக்கலடா. பயத்துல நானாத்தான் விழுந்தேன்."

சொல்லி வாய் மூடுமுன் மணவறைப் பலகையில் தொப்பென்று விழுந்தார். அந்த விவகாரத்தில் அவருக்குப் பட்ட அடி அது ஒன்றுதான், இடுப்பு பிடித்துக்கொண்டது. விழுந்த கையோடு மகளின் கையைப் பற்றியவர், கெட்டிமேளம் அடங்கியும் விடவில்லை. மாப்பிள்ளைதான் மெதுவாகப் பிரித்தெடுத்தார். பந்தியில் இருந்த சார்ஜன்ட் சாலி எச்சில் கையைக் கழுவிவிட்டு வந்து, எது இடித்தது என்று கேட்டார். "தரை," என்றார் முதலாளி. வாபஸில் கையெழுத்தும் போட்டார். அன்று பின்னேரம் லைசன் வெளியே வந்தது. மணமக்களைப் பழைய லாரியிலேயே எஹலியகொடைக்குக் கொண்டுபோய் விட்டது காத்தமுத்துதான். புறப்படுமுன் ரோதமுனிக்குத் தேங்காய் உடைத்தவர் முதலாளி.

சாண் லாரியோடு போய்விட்டது என்பது தோட்டத்தார் கணக்கு. 1979இல் காத்தமுத்து பென்சன் வாங்க, லாரியும் ஸ்டோருக்குப் பின்னால் ஓய்ந்து நின்றது. சுற்றிலும் புல் இன்றைக்கும் ஒரு சாண் தள்ளித்தான் முளைக்கிறது. யாரும் வெட்டுவதில்லை, வெட்ட வேண்டிய அவசியமும் இல்லை. 1982இல் ஊருக்குப் புதிதாக வந்த வாத்தியார் ஒருவர் புடவைக்கடையில் சட்டைத்துணி பார்த்துக்கொண்டே இந்தக் கதையைக் கேட்டு, அதெப்படி ஒரு சாண் என்று சிரித்தார். நாற்காலியில் நன்றாக அழுந்தி உட்கார்ந்திருந்த இராமையா முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒரு சாண்னு எவன் சொன்னான்? ஒரு சாணும் நாலு விரக்கடையும். நின்னவன் நான்தானே, எனக்குத் தெரியாதா?"