மேனேஜருக்கு வயிறு சரியில்லை

கண்ணாடிக் கடைக்காரருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மத்தியானம் நடக்கும் கால்பந்து இறுதிப் போட்டியைச் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். மனைவியின் அண்ணனோ அதே மத்தியானத்துக்குத்தான் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். அந்த மச்சான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். டம்ளரை எப்படிப் பிடிப்பது என்பதற்குக்கூட அவரிடம் ஒரு முறை உண்டு. அவர் வீட்டு டிவியில் மேட்ச் போடச் சொன்னால் அதற்கும் ஒரு பாடம் நடத்துவார்.

வெள்ளிக்கிழமை நாய் வழிகாட்டியது. வேலை எதுவும் செய்யாமல் வீடு முழுக்க மேற்பார்வை பார்ப்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயர். குப்பைத் தொட்டியைக் கவிழ்த்து, கிடந்த கொழுப்பையெல்லாம் ஒரு கை பார்த்துவிட்டது. சாயங்காலத்துக்குள் வயிற்றால் பிய்த்துக்கொண்டு போய், கூடத்துக் கம்பளம் பாழாகிவிட்டது.

கால்நடை டாக்டரைப் போனில் பிடித்தார்கள். வளர்ந்த நாய்தானே, அரை நாள் சாப்பாடு வேண்டாம், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், அப்புறம் உப்பும் எண்ணெயும் இல்லாமல் வேகவைத்த கோழிக்கறியைச் சோற்றில் பிசைந்து வையுங்கள், ரத்தம் தெரிந்தாலோ தண்ணீரே குடிக்காவிட்டாலோ உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார் அவர். அப்படியே செய்தார்கள். சனிக்கிழமை காலையில் மேனேஜர் கடைக்காரருடைய சாக்ஸைக் கவ்விக்கொண்டு வீட்டை வளைய வந்தது.

யோக்கியமான மனிதர் என்றால் இந்த நல்ல சேதியை மனைவியிடம் சொல்லியிருப்பார். இவர் சாக்ஸைப் பிடுங்கி ஒளித்துவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போனார். நாய் இன்னும் சுருண்டு கிடப்பதாகவும், அதைத் தனியே விட்டுவிட்டு விருந்துக்குப் போக மனசு வரவில்லை என்றும் சொன்னார். மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அண்ணனுக்குப் போன் போட்டாள்.

ஞாயிறு மத்தியானம் டிவியில் பந்தை உதைக்கப்போகிற நேரத்தில் காலிங் பெல் அடித்தது. வாசலில் மச்சான் நின்றார்.

"நாயை விட்டுட்டு வர முடியாதுன்னு தங்கச்சி சொன்னா. அதான் நானே வந்துட்டேன் மாப்பிள்ளை."

உள்ளே வந்த மச்சான், நோயாளிக்கு அமைதி வேண்டும் என்று டிவியை அணைத்து, ரிமோட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வயிற்றுப்போக்கு இன்னுமா நிற்கவில்லை, அப்படியானால் பட்டினியை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான் என்று மேனேஜரின் கிண்ணத்தை அலமாரி மேல் ஏற்றினார். பட்டினி கிடக்கும் நாயின் எதிரில் மற்றவர்கள் சாப்பிடுவது பாவம் என்றும் ஒரு சட்டம் போட்டார்.

பக்கத்து வீட்டில் கோல் என்று கத்தினார்கள். யார் அடித்தார்கள் என்று தெரியாமல் கண்ணாடிக்காரருக்கு மண்டை வெடித்தது. அதையாவது பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பார். மேனேஜர் வந்து அவர் முழங்காலில் தாடையை வைத்து அண்ணாந்து பார்த்ததுதான் தாங்கவில்லை. ஒரு பந்துக்காக வாயில்லாத ஜீவனைப் பட்டினி போட்டுவிட்டோமே என்று அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"மச்சான், அதுக்குச் சரியாயிடுச்சு. கிண்ணத்தை எடுத்துக் குடுங்க" என்றார்.

மச்சான் லேசில் விடுவாரா. எதை வைத்துச் சொல்கிறார், நாக்கைப் பார்த்தாரா, வயிற்றைத் தொட்டுப் பார்த்தாரா என்று குடைந்தார். அதற்குள் மனைவி தோளில் பையும் கையில் நாய்க்கயிறுமாக, வெளியே கிளம்புகிற உடுப்பில் வந்து நின்றாள்.

"இவர் சொல்றது சரிதாண்ணா. அது ஒண்ணும் பட்டினியில்ல, இவர் குளிக்கிறப்பவே ஒரு கிண்ணம் தின்னாச்சு. கிளம்பலாம், அண்ணி சமைச்சு வச்சுட்டுக் காத்திருப்பாங்க."

உனக்கு எப்படித் தெரியும் என்று கண்ணாடிக்காரர் மெல்லக் கேட்டார்.

"நேத்துக் காலைல தோட்டத்துல அள்ளிப் போட்டது யாரு, நீங்களா?" என்றாள் மனைவி. "நல்லாக் கெட்டியாத்தான் இருந்துச்சு."