சேனை பூத்தபோது

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே காலியான அந்தச் சித்திரையில் பிலோமியும் திண்டிவனத்தில் இருந்த அக்காள் வீட்டுக்குப் போனாள். அவள் புருஷன் தாமஸ் துறைமுகத்தில் படகு தச்சன். "எனக்கு லீவு கெடையாது. நீ போ, எல்லாம் அடங்கினதும் வந்து இட்டுகினு வரேன்" என்று சொல்லி எழும்பூரில் ரயிலேற்றிவிட்டான்.

அவன் வரவில்லை. கடிதமும் இல்லை. ஆனி மாதக் கடைசியில் அவளே கிளம்பி வந்தாள். ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த அந்த ஒண்டுக்குடித்தன வீட்டில் அப்போது ஒருவரும் திரும்பியிருக்கவில்லை. எல்லாக் கதவிலும் பூட்டு. தன் வீட்டை மாற்றுச் சாவியால் திறந்தாள். தாமஸின் வேட்டி சட்டைகள் இல்லை. உளிப்பெட்டியும் இல்லை.

துறைமுகத்தில் விசாரித்தாள். அடுத்த வீட்டு ராசையா அங்கே மூட்டை இறக்கும் கூட்டத்தில் வேலை செய்தான். ஊர் காலியானபோதும் அங்கேயே தங்கியிருந்தவன். "காக்கிநாடா போற படகுல ஏறினான்னு சொல்றாங்கோ. அந்தப் படகு கரை சேரலன்னும் பேசிக்கிறாங்கோ" என்றான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. துக்கத்தில் பார்க்க முடியாமல் இருக்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அந்த வாரந்தான் கலீலுல்லா தன் மளிகைக் கடையைத் திறந்தார். பூட்டிய கடைக்குள் புழுங்கிக் கிடந்த கிழங்குச் சாக்குகளில் எல்லாம் முளை விட்டிருந்தது. சேனை, சேப்பங்கிழங்கு, மஞ்சள், கூவைக்கிழங்கு எல்லாம் இளஞ்சிவப்பும் வெளுப்புமாகக் கொம்பு நீட்டிக் கிடந்தன.

"இத்த எவன் வாங்குவான்? குப்பைக்குத்தான் போவணும். ஒனக்கு வோணும்னா எடுத்துகினு போ, பிலோமிம்மா" என்றார் அவர்.

மடி கொள்ளாமல் அள்ளி வந்தாள். சமைக்கத்தான் எடுத்தாள். ஆனால் தனி ஆளுக்கு உலை வைக்கப் பிடிக்கவில்லை. கையைச் சும்மா வைத்திருந்தால் அழுகை வந்தது. கொல்லையில் கிணற்றடியை ஒட்டி வெறும் மணலாகக் கிடந்த இடத்தைக் கொத்தினாள். ஆழமாகவே கொத்தினாள். சாம்பலும் சாணியும் கலந்து கிழங்குகளைப் புதைத்து மூடினாள். மற்றக் குடித்தனக்காரர்கள் ஒவ்வொருவராக ஊரிலிருந்து திரும்பியபோது கொல்லையில் நீளமாக ஒரு புதுப் பாத்தி இருந்தது, தாமஸ் இல்லை.

மழை பிடித்ததும் அந்த இடமே மாறிப்போனது. அந்த உப்புக் காற்றில் முருங்கையே சவலையாக நின்ற கொல்லையில், சேம்பு இலைகள் முறம் முறமாக விரிந்தன. மஞ்சள் பூத்தது. அது பூக்கும் என்பதே அந்த வீட்டில் பலருக்குத் தெரியாது. சேனை ஒற்றைத் தண்டில் குடை பிடித்து நின்றது. தண்டு முழுவதும் பாம்பின் தோல் போலத் திட்டுத் திட்டாகப் புள்ளி. பண்டக சாலைத் துரை வீட்டில் கண்ணாடிக் கூண்டுக்குள் இப்படிச் செடிகளைத்தான் வளர்க்கிறார்கள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஈஸ்டருக்குப் பீடத்தை அலங்கரிக்க ராசையாவின் மனைவி மங்கம்மாதான் வந்து இலை அறுத்துக்கொண்டு போனாள்.

ரேஷன் அரிசியில் கல்லும் புழுவுமாக இருந்த காலம் அது. சேம்பையும் கூவையையும் தோண்டி அக்கம்பக்கத்துக்கும் கொடுத்தாள் பிலோமி. சேனையை மட்டும் தொடவில்லை. அது வருஷா வருஷம் வாடி, மறுபடி முன்னைவிடப் பெரிதாக எழும்பியது. அதைப் பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

ஒரு வருஷம் காத்திருந்த பிறகு, மாதா கோயில் சாமியாரிடம் சொல்லித் தாமஸின் ஆத்துமாவுக்குப் பூசை வைத்தாள். வெள்ளைப் புடவைக்கு மாறினாள். பூசையில் ராசையா கடைசி வரிசையில் நின்றான். அவள் பொங்கிப் போட்ட சோற்றையும் சாப்பிட்டான். அதிலிருந்து, கோயில் சபையார் ஞாயிற்றுக்கிழமைகளில் விதவைகளுக்குக் கொடுக்கும் அரிசி அவளுக்கும் கிடைத்தது. மற்ற நாட்களில் வண்ணாரப்பேட்டையில் புளி கொட்டை எடுக்கப் போனாள்.

நாலாவது கோடையில், சேனை இருந்த இடத்தில் தண்டு வருவதற்குப் பதிலாக மண் பிளந்து மொட்டு ஒன்று வந்தது. மறு வாரம் அது விரிந்தது. ஒரு தாம்பாளம் அகலம். காய்ந்த ரத்த நிறம். விளிம்பெல்லாம் சுருக்கம், நடுவில் மூளை போல மடிப்பு மடிப்பாக ஒரு முண்டு. பிலோமி அதன் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வெயில் ஏறியதும் நாற்றம் கிளம்பியது. முதலில் செத்த எலி என்றார்கள். பிறகு எலி இல்லை, பெரிதாக ஏதோ என்றார்கள். மத்தியானத்துக்குள் சோறு தின்ன முடியாமல் பிள்ளைகள் குமட்டினார்கள். ஈ மொய்க்கிற இடத்தைத் தேடி எல்லோரும் கொல்லைக்கு வந்து சேர்ந்தார்கள்.

"பூவுதான் நாறுது. நான் மோந்து பாத்தேன்" என்றாள் பிலோமி.

"பூவு எங்கனாச்சும் பொணவாடை அடிக்குமா?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள் மங்கம்மா. "அடியில இன்னாத்த தின்னு வளந்துச்சோ அத்தான் மேல நாறுது. நாங்கோ யாரும் இல்லாத நேரத்துலதானே நீ இந்தப் பள்ளத்தத் தோண்டின?"

யாரும் மறுத்துப் பேசவில்லை. நாலு வருஷமாக அவர்கள் எல்லோருமே இதை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்பது பிலோமிக்கு அப்போதுதான் புரிந்தது.

சாயங்காலம் ஏட்டு ஒருவர் இரண்டு கான்ஸ்டபிள்களோடு வந்தார். மங்கம்மாதான் போய்ச் சொல்லியிருந்தாள்.

"கலீலுல்லா கடையில கேளுங்க சார். கெயங்கு குடுத்ததே அவருதான். முள வுட்டது, நான் நட்டது எல்லாம் அவருக்குத் தெரியும்" என்று கெஞ்சினாள் பிலோமி. ஆள் போய்த் திரும்பி வந்தான். கடைக்கு நாலு பேர் வந்து போகணும், போலீஸ் விவகாரத்தில் தன்னை இழுக்க வேண்டாம் என்று கலீலுல்லா சொல்லியனுப்பியிருந்தார்.

தோண்டினார்கள். கடப்பாரை முதலில் இறங்கியதே பூவின் மேல்தான். மஞ்சள், கூவை, சேம்பு என்று எல்லாம் வேரோடு புரண்டு வந்தன. சேனை, குழந்தையின் தலையைவிட மூன்று மடங்கு பெரிதாக உருண்டு வந்தது. அதற்குக் கீழே மணல். இன்னும் கீழே தண்ணீர் ஊறியது. வேறொன்றும் இல்லை.

"இங்க இல்லன்னா வேற எங்கயாச்சும் இருக்கும். கிணத்தையும் எறைக்கணும். நீ ஸ்டேஷனுக்கு வா" என்றார் ஏட்டு. கான்ஸ்டபிள் பிலோமியின் கையைப் பிடித்து இழுத்தான்.

அதுவரை வாசற்படியில் குந்தியிருந்த ராசையா எழுந்தான்.

"சார், அவன் சாவலே. காத்திவாக்கத்துல கீறான். அங்க ஒருத்தியோட குடும்பம் நடத்திகினு கீறான்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எறா வாங்கப் போவ சொல்லப் பாப்பேன், சார்."

 மங்கம்மா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். பிலோமி, ராசையாவின் பக்கம் திரும்பினாள்.

"போன மாசம் எனக்கு ஒரு கிண்ணம் எறாக் கொயம்பு குடுத்தனுப்பினியே, ண்ணா. அதுவும் அவன் குடுத்ததா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"படகு முழுகிச்சின்னு சொன்னியே?"

"அவந்தான் அப்டி சொல்லச் சொன்னான். தோஸ்து... நான் இன்னா பண்றது? நீ கொஞ்ச நாள்ல மறந்துடுவேன்னு நெனச்சேன்."

மறுநாள் தாமஸை ஸ்டேஷனுக்கு வரவழைத்தார்கள். உடம்பு கொஞ்சம் தடித்திருந்தது. இடுப்பில் ஒரு பெண் குழந்தை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று தூக்கி வந்திருந்தான். அது பிலோமியின் வெள்ளைப் புடவையையே பார்த்தது.

"இவன்தானா?" என்றார் ஏட்டு.

"ஆமா சார்."

"ஒரு பொண்டாட்டி உசுரோட இருக்கச்சே இன்னொண்ணு. நீ எழுதிக் குடுத்தா உள்ள தள்ளலாம். என்னா சொல்றே?"

பிலோமி தாமஸைப் பார்த்து, "ஒனக்குப் பூசை வச்சேன்" என்றாள்.

"தெரியும். ராசையா சொன்னான்" என்றான் தாமஸ்.

அவள் அவனிடம் கேட்க நாலு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தது எவ்வளவோ. அந்த ஒரு பதிலுக்குப் பிறகு எதையும் கேட்கத் தோன்றவில்லை. குழந்தை சிணுங்கியது. அவன் அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தான். பழக்கப்பட்ட கையாக இருந்தது. "ஒண்ணும் வேணாம் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

திரும்பி வந்தபோது கொல்லையில் மண்மேடு மட்டும் இருந்தது. கிழங்குகள் ஒன்றுகூட இல்லை. ரேஷன் காலத்தில் யார் அவற்றை விட்டுவைப்பார்கள்? எல்லா அடுப்பிலும் ஏதோ வெந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பையோடு கோயில் வாசலில் நின்றாள். அரிசி அளந்துகொண்டிருந்த சபைக்காரர் அவளைப் பார்த்ததும் படியைக் கீழே வைத்தார்.

"ஒம் புருஷன் உயிரோட இருக்கானாமே. இது விதவைங்களுக்கு உள்ளது, அம்மா."

பின்னால் நின்ற கிழவி, "நவுரும்மே" என்று முழங்கையால் இடித்தாள். பிலோமி நகர்ந்தாள்.

சாமியாரைப் பார்த்தாள். அவர் நல்லவர். நாற்காலியில் உட்காரச் சொல்லி நிதானமாகப் பேசினார். அவன் இருக்கும்வரை அவள் இன்னொருவனைக் கட்ட முடியாது. கட்டினவன் மனம் திரும்ப அவள் ஜெபிக்க வேண்டும். வெள்ளைப் புடவை இனிமேல் உடுத்தக் கூடாது, அது பொய்யாகும். அவளிடம் வேறு புடவை ஒன்றுதான் இருந்தது. கல்யாணத்துக்கு எடுத்தது.

அதை உடுத்திக்கொண்டு திங்கட்கிழமை அவள் புளிக் கிடங்குக்குக் கிளம்பியபோது, தெருக் குழாயடியில் மங்கம்மா குடத்தை வைத்துவிட்டு வழியை மறித்தாள். கண் கலங்கியிருந்தது.

"எம் மேல கோவம் வச்சுக்காதே பிலோமி. என்னாண்டயும் எங்க வூட்டு ஆளு சொல்லலே. எப்டியோ, ஒம் புருஷன் உசுரோட கீறான். அத்த நெனச்சி மனசத் தேத்திக்கோ."

"நீங்கோ தோண்டறப்போ அவன் அந்தப் பள்ளத்துக்கு அடியில இருந்திருக்கணும் மங்கம்மா" என்றாள் பிலோமி. "இல்லாம போனானேன்னு நெனச்சாத்தான் எனக்கு ஆத்தாமையா கீது."

குடம் நிரம்பி வழிந்தது. அவள் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.