பிரேமாவின் வண்டிக்கு ஒரு கால்

பேச்சிமுத்து வெல்டிங் பட்டறையில் ஊருக்கெல்லாம் இரும்புக் கேட் அடித்துக் கொடுக்கிறவன். மனைவி பிரேமாவின் தோசை வண்டிக்கு மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று மாதக்கணக்கில் தள்ளிக்கொண்டே வந்தான். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் அவள் நிறுத்தும் அந்த வண்டியின் ஒரு கால் பற்றவைப்பு விட்டுப்போய், கயிறு சுற்றிக் கட்டியதில் நின்றுகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை கட்டு நெகிழ்ந்து வண்டி சாய்ந்தது. கொதிக்கும் சாம்பார் அவள் பாதத்தை ஒட்டிக் கொட்டியது. வீட்டுக்கு வந்து அவள் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவனை வதைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டதும், வலியசாலையில் அவர்கள் குடியிருந்த வீட்டு முற்றத்தில் வண்டியைக் கவிழ்த்துப் போட்டான். வீட்டுக்காரர் சஜி, வெல்டிங் மெஷினுக்குத் தன் வீட்டிலிருந்தே கரண்ட் இழுத்துக் கொடுத்துவிட்டு, வேடிக்கை பார்க்க நின்றார்.

பட்டறைப் பழக்கத்தில் பேச்சிமுத்து பத்தாம் நம்பர் வெல்டிங் ராடை மாட்டி, நூற்றுப்பத்து ஆம்பியரில் வைத்தான். கேட்டின் கனத்த இரும்புக்கு அது சரி. வண்டியின் காலோ மெல்லிய சதுரக் குழாய். ராடு தொட்டதுமே குழாய் உருகி, விரல் நுழைகிற ஓட்டை விழுந்தது.

“என்னங்க, கால் வைக்கச் சொன்னா சன்னல் வைக்கீங்க?” என்றாள் பிரேமா.

“காத்து வரட்டே அண்ணாச்சி, அடுப்பு நல்லா எரியும் கேட்டோ!” என்று தன் மலையாளத் தமிழில் சொல்லிச் சஜி சிரித்தார்.

பேச்சிமுத்துவுக்குக் காது சுட்டது. ஆனாலும், இரண்டு நாள் கழித்து அவள் கேலி பேசியதில் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கினாற்போல் இருந்தது.

“தப்பு எம்மேலதான். இதுக்குச் சன்ன ராடுல்லா போடணும்” என்று பன்னிரண்டாம் நம்பருக்கு மாறினான். பயத்தில் கரண்டை ஐம்பதுக்கு இறக்கினான். ராடு பற்றாமல் குழாயோடு ஒட்டிக்கொண்டது. முறுக்கிப் பிடுங்கி எழுபதுக்கு ஏற்றினான். பற்றியது, ஆனால் படபடவென்று தெறித்து அணைந்தது. மழைக்காலத்தில் ராடு பாக்கெட் திறந்தே கிடந்திருக்கிறது.

“நமுத்துப் போச்சு. வெயிலும் இல்ல. நாளைக்கு…” என்று தொடங்கியவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

பிரேமா உள்ளே போய், விரிசல் விட்டதென்று ஒதுக்கியிருந்த பழைய தோசைக்கல்லை எடுத்து அடுப்பில் வைத்தாள். ராடுகளை வரிசையாக அடுக்கி, தோசைத்திருப்பியால் புரட்டிப் புரட்டிச் சூடு காட்டினாள்.

“முறுகலா வேணுமா, சாதாவா?”

“முறுகலாவே போடு” என்றான் அவன்.

காய்ந்த ராடு எழுபதில் சீராக எரிந்தது. முதலில் ஓட்டையை அடைத்தான். ஒரு பொட்டு வைப்பான். சிவப்பு அடங்கும்வரை பொறுப்பான். அதை ஒட்டி அடுத்த பொட்டு. ஓட்டை அடைபட்டதும், வண்டியோடு சேர்த்துப் பற்றவைக்க, பிரேமா அந்தக் காலை நேராகப் பிடித்துக்கொண்டாள்.

“மொகத்த அந்தால திருப்பிக்கோ, கண்ணுக்கு ஆகாது.”

மேலே படிந்த கசடைத் தட்டிவிட்டுப் பார்த்தபோது பற்றவைத்த இடம் கட்டி கட்டியாக இருந்தது. பட்டறையில் இப்படிச் செய்தால் அவனே காறித் துப்பியிருப்பான்.

“தேய்ச்சு மினுக்கித் தாறேன்.”

“மினுக்கு பொறவு. நிக்குதான்னு பாப்பம். ஏறுங்க.”

மூவரும் சேர்ந்து வண்டியை நிமிர்த்தினார்கள். பேச்சிமுத்து கூச்சத்தோடு மேலேறி உட்கார்ந்தான். வண்டி அசையவில்லை. “நிறைய தோசை தின்னுருக்கீங்க” என்று முனகியபடி, பிரேமா அவன் காலை நிமிண்டிவிட்டு, கைப்பிடியைத் தூக்கிச் சக்கரத்தில் வண்டியைத் தள்ளத் தொடங்கினாள். அவன் இறங்கப் பார்த்தான், அவள் விடவில்லை. சஜி ஓடிப்போய் வாசலில் நின்ற தன் பைக்கை ஓரம் கட்டினார்.