வெந்நீர்ப் பதம்

மஞ்சளும் சீயக்காயும் எடுத்துக்கொண்டு கஸ்தூரி பின்னறைக்கு வந்தபோது, தங்கை யோகேஸ்வரியின் உடலைக் கிடத்தியிருந்த பலகையை மறைத்துக்கொண்டு ஐயாசாமி நின்றிருந்தார்.

"தம்பி, நீங்க வெளிய இருங்க. பொம்பளைங்க நாங்க குளிப்பாட்டிருவோம். பெட்டி ரெண்டு மணிக்கு வந்துரும்லா."

"நானே குளிப்பாட்டுறேங்க்கா."

"எங்கயாச்சும் பொண்டாட்டிய புருஷன் குளிப்பாட்டுவானா? தாமான்ல வீடு வீடாப் பேசுவாங்க."

அந்தப் பேச்சுக்குத்தான் யோகேஸ்வரி இரண்டு வருடம் பயந்து பயந்து வாழ்ந்தாள். பெண்ணுறுப்பில் புற்றுநோய். ஜோகூர் பாரு ஆஸ்பத்திரியில் நோய்ப்பட்ட சதையை வெட்டியெடுத்து, தொடைச் சதையையும் தோலையும் வைத்து அந்த இடத்தைப் புதிதாகக் கட்டினார்கள். ஊருக்குச் சொன்னது கர்ப்பப்பை ஆபரேஷன். அக்காளுக்கும் அதேதான். கஸ்தூரியின் காதில் விழுந்த சேதி அடுத்த ஊர் காஹாங் வரை போய்விட்டுத்தான் வீடு திரும்பும்.

தையல் ஆறும்வரை தினமும் கழுவித் துடைத்தவர் ஐயாசாமி. பாமாயில் மில்லில் போல்ட் முடுக்கிய கை, பஞ்சைப் பிடிக்கப் பழகியது. யோகேஸ்வரி சுவரைப் பார்த்துக்கொள்வாள். வைத்த தோலுக்கு உணர்ச்சி திரும்பவேயில்லை. வெந்நீர் சுட்டாலும் அவளுக்குத் தெரியாது. அதனால் முழங்கையை விட்டுப் பார்த்த பிறகே ஊற்றுவார்.

"நான் போனாலும் வேற யாரும் பாக்கக்கூடாதுங்க," என்றாள் ஒருநாள்.

"சரி" என்றார். நோய் நுரையீரலுக்கு ஏறி இன்று காலை அவளைக் கொண்டுபோய்விட்டது. ரகசியத்துக்கு இரண்டு பேர் இருந்தார்கள். இனி அவர் தனி ஆள். அதுதான் தாங்க முடியவில்லை.

"அவ கேட்டுக்கிட்டாக்கா. வேற ஒண்ணும் கேக்காதீங்க."

கஸ்தூரியின் முகம் சுண்டியது. "இடுப்புல தூக்கி வளத்தவ நான். எங்கிட்ட என்ன மறைப்பு?"

அவர் பலகையை விட்டு நகரவில்லை. அவள் சீயக்காயை மட்டும் பலகையோரம் வைத்தாள்.

"மூஞ்சிக்கு மஞ்சளாச்சும் நான் பூசுறேன்."

"சேல கட்டிட்டுக் கூப்பிடுறேங்க்கா. கொஞ்சம் வெந்நி மட்டும் குடுங்க."

"செத்தவளுக்கு எதுக்குய்யா வெந்நி?"

கேட்டாளே தவிர, போய்ச் சுடவைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஐயாசாமி கதவைத் தாழிட்டார். வாளிக்குள் முழங்கையை விட்டார். சூடு கூடுதல். இரண்டு குவளை பச்சைத்தண்ணீர் ஊற்றிக் கலக்கிவிட்டு, மறுபடி முழங்கையை விட்டுப் பார்த்தார்.