கும்பிட்ட மிஷினுக்கு ஓர் உதை

வடமதுரைப் பக்கத்து நூல்மில்லில் ஆயுதபூஜைக்கு மறுநாள் புது மிஷின் படுத்துக்கொண்டது. மிஷின் மேல் ஒரு குற்றமும் இல்லை, எல்லாம் மனுசர்கள் செய்த கூத்து. பக்தி முற்றிப்போய் அதற்குச் சந்தனத்தை அப்பு அப்பென்று அப்பியிருந்தார்கள். கழிவுப் பெட்டிக் கதவின் இடுக்கில் சந்தனமும் பஞ்சுத்தூசியும் சேர்ந்து காரை பூசியதுபோல் இறுகிவிட்டன. பெட்டியைக் காலி பண்ணாமல் மிஷின் ஓடாது. கதவோ திறக்கவில்லை.

சந்தனம் பூசிய மகராசி நாகஜோதிதான். மிஷினைப் பூட்டித் தந்த சீனாக்காரர் லியூவுக்கு மூன்று மாதம் கையாளாக நின்று, முடுக்கு, தளர்த்து, தூக்கு என்பதற்கெல்லாம் சீன வார்த்தைகளை நோட்டில் எழுதிப் படித்தவள். அவர் ஊருக்குப் போனபின் மிஷினைப் பழுதுபார்க்கும் பிட்டர் வேலை அவளுக்குத்தான் என்று பேச்சு. இப்போது சூப்பர்வைசர் கஸ்பார் வந்து நின்றார்.

"மத்தியானத்துக்குள்ள ஓடலைன்னா கோயம்புத்தூர்லருந்து ஆள் வரும்த்தா. நீ பழையபடி அறுந்த நூலை முடியப் போக வேண்டியதுதான்."

நாகஜோதி ஸ்குரூடிரைவரை எடுத்தாள். சுரண்டினாள், இழுத்தாள், அசையவில்லை. லியூவை வீடியோ காலில் கூப்பிட்டுக் கதவைக் காட்டினாள்.

"ச்சுவாய்!" என்றார் அவர் சிரித்துக்கொண்டே.

நோட்டில் இல்லாத வார்த்தை. கையால் தட்டிக் காட்டினாள், இல்லையென்று தலையாட்டினார். தோளால் முட்டிக் காட்டினாள், அதுவும் இல்லை. மனுசன் பொறுமையிழந்து போனைச் சாய்த்துவைத்து, காலைத் தூக்கி, உள்ளங்காலால் தன் அறை பீரோவை விட்டார் ஓர் உதை.

"அடியாத்தி! கும்பிட்ட மிஷினையா?"

நேற்றுத்தான் சூடம் காட்டியது. வைத்த பொட்டுகூட அழியவில்லை. கால் தெரியாமல் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள் அவள். கஸ்பார் வாட்சைப் பார்த்தார்.

"சரசுவதித் தாயே, வேற வழி தெரியலத்தா" என்று முணுமுணுத்துச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். செருப்புக்காலால் உதைக்க மனசு வரவில்லை.

"ச்சுவாய்!" என்று கத்திக்கொண்டு உதைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது உதைக்குச் சந்தனம் பொருக்குப் பொருக்காய் உதிர்ந்தது. மூன்றாவதுக்குக் கதவு படாரென்று திறந்துகொண்டது. பெட்டியைக் காலி பண்ணி அவள் பட்டனை அமுக்க, மிஷின் ஓடத் தொடங்கியது.

"கோயம்புத்தூர்க்காரன வர வேணாம்னு சொல்லிர்றேன், பிட்டரம்மா" என்றார் கஸ்பார்.

நாகஜோதிக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. குனிந்து, உதைத்த இடத்தைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். பிறகுதான் போனைப் பார்த்தாள். லியூ தன் பீரோவின் முன் குனிந்து, உதைத்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்.