கேரண்டிக்காரர் வீட்டு மாப்பிள்ளை

பம்பு மெக்கானிக்குக் காலையிலிருந்து கால் தரையில் பாவவில்லை. பெட்டியிலிருந்த சட்டைகளையெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு, முதலில் கழற்றியதையே மறுபடி மாட்டிக்கொண்டு பெண் கேட்கக் கிளம்பினான். பெண் பல வருஷமாகவே ரெடி. பெண்ணின் அம்மாவும் ரெடி. குறுக்கே நின்றது கடவுள் மட்டும்தான். அவரும் நேரில் நிற்கவில்லை. அவர் சார்பில் நிற்கிறேன் என்று, யாரும் கேட்காமலே, பெண்ணின் அப்பா போய் நின்றிருந்தார்.

அவருக்குத் தண்ணீர் பம்பு விற்கும் கடை. எதை எடுத்தாலும் "கேரண்டி" என்று சொல்லியே விற்பதால் ஊர் அவரைக் கேரண்டி என்றுதான் கூப்பிட்டது. கேரண்டி முடிந்த கையோடு அந்தப் பம்புகள் படுத்துக்கொள்ளும். அவற்றை எழுப்பி உட்கார வைப்பதுதான் மெக்கானிக்கின் பிழைப்பு. ஆக, தொழில் முறையில் இருவரும் ஏற்கெனவே சம்பந்திகள்.

கேரண்டி சோபாவில் சாய்ந்தபடி எதிரே இருந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் கண்ணால் காட்டினார்.

"தம்பிக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாதாமே?"

"இதுவரைக்கும் தேவைப்படலை மாமா."

உள்ளே ஒரு பாத்திரம் விழுந்தது. அம்மாவும் மகளும் கதவுக்குப் பின்னால்தான் நிற்கிறார்கள்.

கேரண்டி தொண்டையைச் செருமிக்கொண்டு, கடையில் பேசும் குரலுக்கு மாறினார். "கணக்குப் போட்டுப் பாரு. நீ நம்பி, அவரும் இருந்தாருன்னா சொர்க்கம். இல்லாமப் போனாலும் உனக்கு என்ன நஷ்டம்? நம்பாம இருந்து, அவர் இருந்து தொலைச்சார்னா? அவ்வளவுதான் நீ. லாபத்துக்காகவாவது நம்பித் தொலையேன்."

மெக்கானிக்கின் உடம்பில் கரண்ட் பாய்ந்தது. நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான்.

"லாபத்துக்காக நம்பலாமா மாமா? தப்பில்லையே?"

"தாராளமா நம்பலாம்."

"அப்ப நம்பிட்டேன். இப்பவே."

"இவ்வளவு சீக்கிரமா? என்ன லாபத்தைக் கண்டே?"

"உங்க பொண்ணு."

கேரண்டியின் முகம் புளித்தது. "இது சுயநலம்டா."

"சொர்க்கத்துக்காக நம்பினா?"

"அது... பக்தி."

கதவுக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார்கள். கேரண்டிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"பொண்ணு தர மாட்டேன்னு சொன்னா?"

"நம்பிக்கை அந்த நிமிஷமே போயிடும் மாமா." சொல்லும்போதே அவனுக்கு அடுத்தது பளிச்சென்று தோன்றியது. "எனக்கு ஒண்ணுமில்லை, பழையபடி இருந்துடுவேன். நம்பி வந்தவனை வாசல்லயே திருப்பி அனுப்பினது யாருன்னு நாளைக்கு மேல இருக்கறவர் கேட்டா, நீங்கதான் பதில் சொல்லணும்."

கேரண்டி விட்டத்தைப் பார்த்தார். இத்தனை வருஷமாகப் போட்ட கணக்கில் இப்படி ஒரு ஓட்டை இருப்பது அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. தனக்கென்று துண்டு போட்டு வைத்திருந்த சொர்க்கத்தை ஒரு மெக்கானிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

"ஏங்க, உங்களுக்கு எதுக்குங்க இந்த வம்பு?" என்றது கதவு.

கேரண்டி இறங்கி வந்தார். "கல்யாணத்துக்கு அப்புறம் நம்பிக்கை போயிடாதே?"

"சர்வீஸ் நான்தானே மாமா பார்க்கறேன்."

"சரி. வீட்டுப் பெரியவங்களைக் கூட்டிட்டு வா."

மெக்கானிக் செருப்பை இடவலம் மாற்றி மாட்டிக்கொண்டு படியிறங்கினான். அவள் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"ஒருவேளை அப்பா முடியாதுன்னே சொல்லியிருந்தா?"

"எது எப்படியோ போகட்டும்னு உன்னைக் கூட்டிட்டுப் போய்க் கட்டியிருப்பேன்."

நறுக்கென்று கிள்ளினாள். "அதை அப்பவே செஞ்சிருந்தா இத்தனை வருஷம் வீணாகியிருக்குமாடா?"